பயணத்தின் நோக்கம்

எங்கள் பங்கைச் சேர்ந்த கணவனும் மனைவியும் அண்மையில் ஒரு மாலை வேளையில் அறைவீட்டிற்கு வந்து, கையிலிருந்த தாள்களை என் மேசைமீது பரப்பினார்கள். அவர் மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அந்த அம்மையார் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்து ஓய்வு பெற்றவர். மணமாகி 34 ஆண்டுகள் கழித்து, இருவர் மட்டும் தனித்துச் செல்லும் முதல் விடுமுறைக்கு இத்தாலியைத் தேர்ந்திருந்தனர். பத்து நாள் பயணம். பிள்ளைகள் கரையேறிவிட்டார்கள், பணமும் அவர்களுடைய சொந்தச் சேமிப்பு.

விசா விண்ணப்பத்தில் ஒரே ஒரு கேள்வியில்தான் தடங்கல். ‘பயணத்தின் நோக்கம்’ என்று கேட்டு, சுற்றுலா, தொழில், உறவினரையோ நண்பரையோ காணுதல், பண்பாடு, விளையாட்டு, மருத்துவம், கல்வி எனக் கட்டங்கள் வரிசையாக இருந்தன. திருப்பயணம் என்றொரு கட்டம் இல்லை.

“எதுல சாமி டிக் போடணும்?” என்று கேட்டார் கணவர். சுற்றுலா என்ற கட்டத்தின் அருகே பேனாவைக் கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருந்தார். அவருடைய கூச்சம் எனக்குப் புரிந்தது. மழைக்கு ஒழுகும் வீடுகள் இன்னும் உள்ள பங்கு இது. உறவினர் என்ன சொல்வார்கள்? கோயிலில் என்ன பேசுவார்கள்? நான் சற்றும் யோசியாமல், “மற்றவை என்ற கட்டத்தில் திருப்பயணம் என்று எழுதிவிடுங்கள். உரோமையில் பேதுருவின் கல்லறை, அசிசி, பதுவையில் அந்தோனியார். யார் குறை சொல்லப்போகிறார்கள்?” என்றேன். அவர் முகம் தெளிந்தது.

அதுவரை வாய் திறவாதிருந்த அந்த அம்மையார் சொன்னார்: “வேளாங்கண்ணிக்கு இருபது தடவ போயிருப்போம் சாமி. ஒவ்வொரு தடவையும் பதினஞ்சு பேருக்கு நான்தான் சோறு பொங்கினேன். இதையும் திருப்பயணமாக்கிப் போடாதீங்க.”

அன்றிரவு செபமாலையைக் கையில் எடுத்தும் மனம் அந்தச் சொற்களிலேயே நின்றது. நான் கொடுத்தது ஆலோசனையா, ஒரு முகமூடியா? மகிழ்ச்சி பக்தியின் உடையை அணிந்து வந்தால்தான் வாசலுக்குள் விடுவேன் என்று நான் காவல் நின்றிருக்கிறேன். திருப்பயணம் பெரிய காரியம்; பெரிய காரியமாயிருப்பதாலேயே அதைச் சாக்காக்கக் கூடாது.

விரயம் என்ற குற்றச்சாட்டு கிறிஸ்தவனுக்குப் புதிதன்று. பெத்தானியாவில் ஒரு பெண் நறுமணத் தைலத்தை உடைத்து ஊற்றியபோது, முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று முணுமுணுத்தார்கள். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி என்றால், ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு அது. அந்தத் தைலம் ஆண்டவருக்காகக் கொட்டப்பட்டது. தன் மகிழ்ச்சிக்காகச் செலவிடுவதற்கு அதைச் சான்றாக்குவது முறையன்று. ஆயினும் ஒன்று கவனிக்கத் தக்கது. ஏழைகளின் பெயரால் பேசிய குரல் அங்கே ஏழைகளின் குரலாக இருக்கவில்லை. யோவான் நற்செய்தியாளர் அக்குரலுக்குரியவனின் பெயரையே சொல்லிவிடுகிறார்.

இணைச்சட்ட நூலின் 14ஆம் அதிகாரம் இதைவிட நேராகப் பேசுகிறது. விளைச்சலில் பத்திலொரு பங்கை எடுத்துவைத்து ஆண்டவர் தேர்ந்துகொள்ளும் இடத்துக்குப் போக வேண்டும். தொலைவு அதிகமென்றால் அதைப் பணமாக்கிக் கையில் முடிந்துகொண்டு போகலாம். அங்கே மனம் விரும்புவதை, ஆடோ மாடோ திராட்சை மதுவோ, வாங்கிக் குடும்பத்தோடு உண்டு மகிழ வேண்டும். இது நிகழ்வது ஆண்டவர் திருமுன் என்பது மெய். ஆனால் கட்டளையாகத் தரப்படுவது மகிழ்ச்சிதான். மூன்றாம் ஆண்டின் பங்கோ ஊரிலேயே தங்கி, லேவியருக்கும் அந்நியருக்கும் அனாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியதாகிறது. விருந்தைக் காட்டி ஏழையை மறப்பதும் இல்லை, ஏழையைக் காட்டி விருந்தை விலக்குவதும் இல்லை. அதே நூல் 24ஆம் அதிகாரத்தில், புதிதாக மணந்தவனை ஓராண்டுக்குப் போருக்கோ வேறு பொறுப்புக்கோ அனுப்பாமல், அவன் மனைவியை மகிழ்விக்க வீட்டில் விடச் சொல்கிறது. இவர்களுக்கு அந்தக் கடன் 34 ஆண்டுகளாக நிலுவையில் கிடக்கிறது.

குருமடத்தில் புனித தோமா அக்குவினாஸைப் பாடமாகப் படித்த எங்களில் பலர், அவர் விளையாட்டைப் பற்றி எழுதிய இடத்தை விரைந்து கடந்துவிட்டோம். உடலுக்கு ஓய்வு வேண்டியிருப்பது போலவே ஆன்மாவுக்கும் வேண்டும். அதன் ஓய்வு மகிழ்ச்சி என்கிறார் அவர். புனித யோவான் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறலுற்ற கதையைச் சொல்கிறார். வில்லோடு நின்ற ஒருவனை அம்பெய்யச் செய்து, ஓயாமல் எய்துகொண்டேயிருக்க முடியுமா என்று யோவான் கேட்டாராம். வில் முறிந்துபோகும் என்றான் அவன். அதற்கும் மேலே போய், தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாக இருப்பது பிழை என்று எழுதுகிறார் தோமா. அப்பகுதியை மீண்டும் வாசித்தபோது, அந்தத் தடை நானாகவே எனக்குத் தெரிந்தேன்.

அவர் பிறந்த இத்தாலி மண்ணிலேயே 1948இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 36ஆம் பிரிவு, வார ஓய்வும் ஊதியத்தோடு கூடிய ஆண்டு விடுமுறையும் தொழிலாளியின் உரிமை என்கிறது. அதை அவர் துறந்துவிடவும் முடியாது என்கிறது. அந்தக் கடைசித் தொடர் எனக்கு மிகவும் பிடிக்கும். எனக்கு வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே தேய்ந்துபோகும் நம் வீட்டுப் பெண்களை அது நினைவூட்டுகிறது. இந்த அம்மையாருக்குப் பள்ளி விடுமுறை இருந்தது; வீட்டு அடுப்புக்கு என்றும் விடுமுறை இருந்ததில்லை.

மறுவாரம் இருவரும் திரும்ப வந்தபோது, என் ஆலோசனையை விலக்கிக்கொள்கிறேன் என்றேன். பிறகு பயணத் திட்டத்தைப் பார்த்தேன். உரோமை, அசிசி, பிளாரன்ஸ், பீசா, பதுவை, வெனிஸ், மிலான் என்று பத்து நாளில் ஏழு ஊர்களை அடுக்கியிருந்தார் கணவர். செலவழிக்கும் பணத்துக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. நானும் முன்பொருமுறை ஒரு குழுவோடு அப்படிச் சுற்றியவன்தான். எனக்கு நினைவிலிருப்பது பேருந்தின் சன்னல் கண்ணாடி.

மிலானில் லியனார்தோ தீட்டிய இறுதி இராவுணவு ஓவியத்தின்முன் நிற்க, முன்பதிவு செய்தவருக்கும் 15 நிமிடமே தருகிறார்கள். அதற்காக உரோமையிலிருந்து அதிவேக இரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் போக வேண்டும். மிலானும் பீசாவும் கழிந்தன. பிளாரன்ஸ் கொஞ்சம் வாதாடிக் கழிந்தது. பதுவையை மட்டும் அவர் விடவில்லை. மகனின் நோய்க்காக அந்தோனியாருக்கு நேர்ந்த நேர்ச்சை இருந்தது. “பதுவையிலருந்து வெனிஸ் அரைமணி நேரந்தான் சாமி, அவ்வளவு கிட்ட போயிட்டு...” என்று இழுத்தார். அந்த நகரம் 2024 முதல் நெரிசலான சில நாள்களில், பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவரிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. அங்கே இரவு தங்குவோர்க்கு அக்கட்டணம் இல்லை. வெறுமனே எட்டிப் பார்ப்பதற்கு ஒரு விலை வைத்தது நியாயமாகவே எனக்குப் பட்டது. வெனிஸும் போயிற்று.

மிஞ்சிய நாள்களில் ஒன்றுக்கு ஓஸ்தியாவைச் சொன்னேன். உரோமையிலிருந்து இரயிலில் போய்வரக் கூடிய பழைய துறைமுகம். 387இல் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்த அகுஸ்தினாரும் தாய் மோனிக்காவும், நெடும்பயணக் களைப்பு நீங்க அங்கே தங்கியிருந்தார்கள். தோட்டத்தை நோக்கிய ஒரு சன்னலில் சாய்ந்தபடி இருவரும் தனித்துப் பேசிய பேச்சு அகுஸ்தினாரின் தன்வரலாற்றில் ஒன்பதாம் நூலில் இருக்கிறது. சில நாளில் மோனிக்கா காய்ச்சலில் விழுந்து, 56ஆம் வயதில் இறந்தார். அந்த ஓய்வு நேரம் வாய்க்காமலிருந்தால் அந்தப் பேச்சும் இல்லை. இதோ, மறுபடியும் ஒரு புனிதரைத் துணைக்கு அழைத்து விடுமுறைக்கு நியாயம் தேடுகிறேன். பழக்கம் எளிதில் விடுவதில்லை.

அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அங்க உக்காந்து பேச எடம் இருக்கா சாமி?” என்றார். நிழலும் பழைய கற்களும் நிறைய உண்டு என்றேன். நண்பகலில் சிற்றூர்க் கோயில்கள் பலவும் கடைகளும் சில மணி நேரம் மூடிக்கிடக்கும் என்று எச்சரித்தேன். “நல்லதுதான், அவரும் சும்மா இருப்பாரு” என்றார். கணவர் சிரித்தார். ஏழைகளுக்கென்று ஒரு தொகையை வின்சென்ட் தே பால் சபைக்குக் கொடுக்க முன்னரே எடுத்து வைத்திருப்பதாக என்னிடம் தனியே சொன்னார். நான் கேட்கவில்லை, கேட்டிருப்பேனோ என்ற ஐயம் அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

படிவத்தில் சுற்றுலா என்ற கட்டத்தில் குறியிட்டார். அம்மையார் தங்கும் விடுதியின் பதிவுச் சீட்டை என்னிடம் நீட்டி, ஆங்கிலத்தில் இருந்த ஒரு வரியைப் படிக்கச் சொன்னார். காலை உணவு அறை வாடகையிலேயே அடங்கும் என்று படித்தேன். தினமுமா என்று கேட்டார். ஆம், தினமும் என்றேன்.