தெரியாத பாதையும் தெளிந்த மனச்சாட்சியும்

"எனக்குத் தெரியும் என்றே மனதார நம்பினேன்" என்று ஒருவர் சொல்லும்போது, அவர்பேரில் பாவம் சாருமா?

2017-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி, கர்த்தர் பிறந்த திருநாளுக்கு ஒரு வாரம் முன்பாக, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலிலிருந்து தெற்கே போர்ட்லாந்துக்குப் போன பயணிகள் ரயில் டுபாண்ட் என்னும் ஊரருகே தடம் புரண்டது. புதிதாகத் திறந்த அந்தப் பாதையில் பயணிகளை ஏற்றிச்சென்ற முதல் வண்டி அதுவே. மணிக்கு 30 மைல் வேகத்தில் திரும்பவேண்டிய வளைவில் 78 மைல் வேகத்தில் நுழைந்தது. பெட்டிகள் பாலத்திலிருந்து நெடுஞ்சாலைமேல் விழுந்தன. மூவர் மாண்டனர், அறுபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர்.

டிரைவர் அனுபவமில்லாதவர் அல்லர். ஆனால் அந்தப் பாதையில் பிறர் ஓட்டுவதை உடனிருந்து பார்த்ததைத் தவிர, தாமே ஓட்டிப் பழகியது மூன்றே தடவை. அதிலும் தெற்கு நோக்கி ஒரே தடவை. வளைவுக்கு இரண்டு மைல் முன்பிருந்த வேகப் பலகை அவர் கண்ணில் படவில்லை. ஒரு சிக்னலை வேறொன்றென்று எண்ணிவிட்டார். தாம் தயாராயில்லை என்ற ஐயம் இருந்திருந்தால் வண்டியை எடுத்திருக்கமாட்டேன் என்று விசாரணையில் சொன்னார். அதை நம்பாதிருக்க நியாயமில்லை.

தன் நிலைக்கும் உத்தியோகத்துக்கும் வேண்டியதை அறிந்திருப்பது ஒவ்வொருவர் கடமை. கவலையீனத்தால் அறியாதிருப்பது பாவம் என்று அர்ச். தோமாஸ் அக்வினாஸ் போதிக்கிறார். ஆயினும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. பாதையை நன்கு அறியாதவருக்கு, தாம் அறியாதது எவ்வளவு என்பதும் தெரியாதே! அதை அளக்கவேண்டியவர்கள் அனுப்பியவர்கள். எத்தனை ஓட்டம் பழகினால் போதும் என்று வரையறுத்தவர்கள் அவர்கள். வேகம் மிஞ்சினால் வண்டியைத் தானே நிறுத்தும் கருவி அப்பாதையில் இன்னும் இயங்கவில்லை என்பதும், சேவை தொடங்கும் நாளும் அவர்கள் கையில் இருந்தன. 2019-ல் அரசாங்க விசாரணைக் குழுவும், அந்த வளைவின் ஆபத்துக்குத் தக்க பாதுகாப்புச் செய்யாததையே முதற்காரணமாகக் கூறி, டிரைவருக்குப் போதிய பயிற்சி தரப்படாததையும் உடன் சேர்த்தது. டிரைவரை முற்றும் விடுவிக்க என் மனம் ஒப்பவில்லை. ஆனால் பாரத்தின் பெரும்பங்கு மேலிடத்தைச் சேர்ந்தது.

நம் இந்திய ரயில்வே விதிகளில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. டிரைவர் தாம் ஓட்டும் பகுதியின் சிக்னல்களையும் நிலைமைகளையும் அறிந்திருக்கவேண்டும். அறியாவிடில், அறிந்த ஊழியர் ஒருவரைத் துணையாகப் பெற்றுக்கொள்ளவேண்டும். "தெரியாது" என்பது அங்கே வெட்கமல்ல, விதி.

நாமோ? திருயாத்திரைக்கோ மலைவாசத்துக்கோ வேன் பேசும்போது, "அந்த மலைப்பாதையில் நான் போனதில்லை" என்கிற டிரைவரை விட்டு, "எல்லாம் தெரியும்" என்பவரிடம் முன்பணம் கொடுத்துவிடுகிறோம். முதலாமவரையே அமர்த்தி, வழி தெரிந்த ஒருவரையும் கூட்டிப்போனால், அதிகச் செலவு ஓர் இருக்கையும் இரண்டு வேளைச் சாப்பாடும்தான்.