நடக்கிற தூரத்தில் ஒரு வாடகை வீடு

வட்டி ஹராம், வாடகை ஹலால். மதரஸாவில் இதை மனப்பாடம் பண்ணின வயதிலேயே எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. கணக்கு டீச்சராகி, ஓய்வும் பெற்ற பிறகு அது பெரிதானதே தவிரக் குறையவில்லை. ஒருவருக்கு 20 லட்சம் கடன் கொடுத்து மாதம் 6,000 ரூபாய் வாங்கினால் பாவம். அதே 20 லட்சத்தில் ஓர் ஓட்டு வீட்டை வாங்கி, அதில் ஒரு குடும்பத்தைக் குடிவைத்து மாதம் 6,000 வாங்கினால் பாவமில்லை. இரண்டிலும் என் முதல் என்னிடமே இருக்கிறது. இரண்டிலும் மாதம் பிறந்தால் இன்னொருவர் சம்பளத்திலிருந்து ஒரு பங்கு எனக்கு வருகிறது. அப்புறம் எங்கே வித்தியாசம்?

பணிக்கொடையும் கம்யூட்டேஷன் தொகையும் வங்கிக் கணக்கில் வந்து உட்கார்ந்தபோது இது வெறும் கிதாபுச் சந்தேகமாக இருக்க முடியவில்லை. மறைந்த என் கணவரின் பணமும் கொஞ்சம் இருந்தது. மாதாமாதம் ஏதாவது வருகிற மாதிரி ஒரு வீடு வாங்கிப் போடு என்று எல்லோரும் சொன்னார்கள். திருச்சியில் எங்கே என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு.

ஜித்தாவில் இருக்கும் அண்ணனுக்குப் பஞ்சப்பூரைத் தவிர வேறு ஊரே கண்ணில் படவில்லை. 2025 மே மாதம் அங்கே ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறந்தார்கள். அதற்கு முன்பே மதுரை ரோட்டின் இரு பக்கமும் கொடி நட்டு மனை பிரித்துவிட்டார்கள். "டிடிசிபி அப்ரூவல் இருக்கு, ரெரா நம்பர் இருக்கு, வேற என்னம்மா வேணும் உனக்கு?" என்று போனில் அதட்டினார். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தப் பக்கம் புது வீடு 60 லட்சம் சொல்கிறார்கள், 12,000 வாடகை வரும் என்கிறார்கள். வருஷத்துக்கு 1,44,000. முதலில் 2.4 சதவீதம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். முழு விலையையும் பத்திரத்தில் காட்டினால் (காட்டாமல் வாங்குவது என்ற பேச்சே என்னிடம் கிடையாது) 5,40,000 ரூபாய். பத்திரச் செலவை எடுக்க மட்டும் 45 மாத வாடகை. "வாடகைக்காகவா வாங்குறாங்க? அஞ்சு வருஷத்துல ரெண்டு மடங்கு ஆயிடும்" என்றார் அண்ணன்.

உண்மையைச் சொல்லிவிட்டார். அது வாடகை வீடு இல்லை, விலை ஏறுவதற்காக வாங்கிப் போடுகிற சரக்கு. ஏறுகிற விலையில் என் உழைப்பு என்ன இருக்கிறது? பஸ் ஸ்டாண்டு கட்டியது அரசாங்கம், அங்கே வந்து இறங்கப் போவது ஜனங்கள். ஊர் கூடி உண்டாக்குகிற மதிப்பு மனைக்காரர் பையில் போய் விழுகிறதே என்று 1879-ல் ஹென்றி ஜார்ஜ் என்ற அமெரிக்கர் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். டால்ஸ்டாய்க்கு அவர்மேல் அப்படி ஒரு மதிப்பு. எங்கள் மார்க்கச் சட்டம் இதைத் தடுக்கவில்லை, ஆனால் பெயரை மாற்றிவிடுகிறது. விற்கிற எண்ணத்தோடு வாங்கிய மனை வியாபாரச் சரக்கு. அதன் அன்றைய விலை முழுவதற்கும் ஒவ்வொரு வருஷமும் இரண்டரை சதவீதம் ஜகாத் உண்டு. வாடகைக்கு விடும் வீட்டின் விலைக்கு ஜகாத் இல்லை. வாடகையில் செலவு போக மிஞ்சி, வருஷம் திரும்புகிற பணத்துக்கு மட்டும்தான். இதை நான் சொன்னதும் ஜித்தா லைன் கொஞ்ச நேரம் இரைந்துகொண்டிருந்தது.

துவாக்குடிப் பக்கம் போய்ப் பார்த்தேன். என்.ஐ.டி. பசங்களையும் பாய்லர் ஆலையைச் சுற்றியுள்ள கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களையும் நம்பி வீடு கட்டியிருக்கிறார்கள். ஒரு ஹாலில் ஆறு கட்டில், கட்டிலுக்கு இவ்வளவு. வருமானம் நல்ல வருமானம்தான். ஆனால் அந்த ஹாலுக்கு இருந்தது ஒரே ஜன்னல்.

காவிரிக்கு அந்தப் பக்கம் வேறு கதை. ஸ்ரீரங்கத்தில் எனக்கு யாரும் விற்கப் போவதில்லை என்பது இருக்கட்டும். அங்கே பல தெருக்களில் வீடு குடியிருப்பவருடையது, அடிமனை ரங்கநாதருடையது என்று கோயில் நிர்வாகம் சொல்கிறது. வீட்டை விற்கவும் முடியாமல் அடகு வைக்கவும் முடியாமல் ஜனங்கள் வருஷக்கணக்காக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கரையில் திருச்செந்துறை. 2022-ல் ஒருவர் தன் நிலத்தை விற்கப் பதிவு அலுவலகத்துக்குப் போனால், ஊரே வக்ஃபு சொத்து, வாரியத்திடம் தடையில்லாச் சான்று வாங்கி வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். பழமையான சிவன் கோயில் இருக்கிற ஊர். அந்தச் செய்தி டெல்லி வரை போயிற்று. ஒரே நகரத்தின் இரண்டு ஓரங்களில் நிலம் ஆண்டவனுடையது என்று காகிதம் பேசுகிறது. பரம்பரையாக உழுதவரும் குடியிருந்தவரும் நடுவில் நிற்கிறார்கள். வக்ஃபு ஆன நிலம் அல்லாஹ்வுக்குச் சொந்தம், பலன் மட்டுமே மனிதர்களுக்கு என்று ஹனஃபிகளான நாங்கள் படித்திருக்கிறோம். ஆனால் எல்லா நிலமும் அவனுடையதுதான் என்றும் படித்திருக்கிறோமே. அப்படியானால் பட்டா வைத்திருக்கிற நான் யார், எதற்காகக் கூலி வாங்குகிறேன்?

இந்தக் கேள்வியை மார்க்க அறிஞர்கள் கேட்காமல் விடவில்லை. மக்காவை வைத்துத்தான் சண்டையே நடந்திருக்கிறது. அந்தப் புனிதத் தலம் உள்ளூர்க்காரருக்கும் வெளியூர்க்காரருக்கும் சமம் என்று குர்ஆன் சொல்வதால், ஹஜ்ஜுக்கு வருகிறவர்களிடம் அங்கே வீட்டு வாடகை வாங்குவதை இமாம் அபூ ஹனீஃபா வெறுத்தார். யாத்ரீகர்கள் தடையின்றி வந்து தங்கட்டும், வீடுகளுக்குக் கதவு போடாதீர்கள் என்று கலீஃபா உமர் மக்காவாசிகளுக்குச் சொன்னதாகவும் செய்தி உண்டு. இமாம் ஷாஃபி ஒத்துக்கொள்ளவில்லை. மக்காவில் எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்டபோது, அகீல் நமக்கு வீடு எதையும் விட்டு வைக்கவில்லையே என்கிற மாதிரி நபிகள் பதில் சொல்லியிருக்கிறார்கள். நபிகளின் பெரியப்பா மகனான அகீல் அந்த வீடுகளை விற்றுவிட்டிருந்தார். விற்றது செல்லும் என்றால் அது சொந்தம், சொந்தம் என்றால் வாடகையும் செல்லும் என்பது ஷாஃபி இமாமின் வாதம். இன்று ஹஜ் சீசனில் ஹரமைச் சுற்றியுள்ள ஓட்டல் அறைகளின் வாடகையைக் கேட்டால் யார் வாதம் ஜெயித்தது என்று தெரியும். என் மனசு என்னவோ கதவில்லாத வீடுகளின் பக்கம்தான்.

மக்காவுக்கு வெளியே வாடகை எதனால் ஹலால் ஆகிறது என்பதற்கு எங்கள் மஹல்லா ஹஜ்ரத் ஒரு வழக்கைச் சொன்னார். அந்தக் காலத்து வழக்கு, அதனால் அதில் ஓர் அடிமை வருகிறார். அதைக் கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஒருவர் ஓர் அடிமையை வாங்குகிறார். கொஞ்ச நாள் கழித்து அவரிடம் முன்பே ஒரு குறை இருந்தது தெரியவர, திருப்பிக் கொடுக்கிறார். விற்றவர், என் ஆளை வைத்துச் சம்பாதித்தாயே, அந்த வருமானத்தைக் கொடு என்கிறார். கொடுக்க வேண்டியதில்லை என்று நபிகள் தீர்ப்பளித்தார்கள். இடைப்பட்ட நாளில் அந்த ஆள் இறந்திருந்தால் நஷ்டம் வாங்கியவர் தலையில்தான் விழுந்திருக்கும். நஷ்டத்துக்குப் பொறுப்பேற்றவருக்கு வருமானம்.

இங்கேதான் என் சந்தேகம் தீர்ந்தது. கடனாகக் கொடுத்த 20 லட்சத்தை வாங்கியவர் தொலைத்தாலும், கடையோடு எரிந்து போனாலும் எனக்கு 20 லட்சம் வந்தாக வேண்டும். பொறுப்பு முழுக்க அவருடையது, பலன் மட்டும் எனக்கு. வீடு அப்படியில்லை. இடி விழுந்தால் என் வீட்டில் விழுகிறது. சுவர் இடிந்து குடியிருக்க முடியாமல் போனால் அன்றோடு வாடகையும் நிற்க வேண்டும். ஆகவே வாடகை ஹலால் என்பது பத்திரத்தில் என் பெயர் இருப்பதால் வந்ததில்லை. அந்த வீட்டை நான் சுமக்கிறேன் என்பதால் வந்தது. சுமக்காத வீட்டுக்கு வாங்குகிற வாடகை, வேறு பெயரில் வருகிற வட்டிதான். இதைச் சொன்னபோது ஹஜ்ரத், "அவ்வளவு தூரம் போகாதீங்கம்மா, சட்டப்படி அது கூடும்" என்றார். சட்டப்படி கூடும் என்பது எனக்கும் தெரியும்.

சுமப்பது என்றால் என்னென்ன என்பதற்குப் பட்டியலே இருக்கிறது. ஒட்டோமான் ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா என்ற சட்ட நூல் ஹனஃபி வழியில் எழுதப்பட்டது. வீட்டைப் பழுது பார்ப்பதும் தண்ணீர் வரும் வழியைச் சீர் செய்வதும் உரிமையாளர் வேலை, அவர் செய்யாவிட்டால் குடியிருப்பவர் காலி செய்துகொண்டு போகலாம் என்கிறது. குடியிருந்தபோது சேர்ந்த குப்பையைப் பெருக்கி அள்ளுவது குடியிருப்பவர் வேலை. தமிழ்நாட்டின் 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்தை எடுத்து இரண்டாவது அட்டவணையைப் பார்த்தால் ஏறக்குறைய இதே பங்கீடு. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர். குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, சாக்கடை அடைப்பு எல்லாம் குடித்தனக்காரர். வருமான வரிக்காரர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதத்தை ரசீது எதுவும் கேட்காமலே கழித்துவிடுகிறார்கள். அந்தப் பணம் வீட்டுக்கே திரும்பப் போய்விடும் என்று அரசாங்கம் நம்புகிறது. எத்தனை வீட்டுக்காரர்கள் அந்த நம்பிக்கைக்கு உரியவர்கள் என்பதை மழைக்காலத்தில் எந்தக் குடித்தனக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

இதற்குப் பிறகு இடம் தேடுவது சுலபமாகிவிட்டது. என்னால் சுமக்க முடிகிற தூரத்தில் இருக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலி, ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. ஆக, நடந்து போகிற தூரம். நான் இருப்பது சுப்பிரமணியபுரத்தில். பக்கத்துச் சந்தில் கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன் உள்ள பழைய வீடு 38 லட்சத்துக்கு வந்தது. "பழைய பில்டிங் டீச்சரம்மா, விலை ஏறாது" என்று புரோக்கர் நேர்மையாகச் சொன்னார். கீழே 7,500, மேலே 6,500. சதவீதம் நாலரைக்குக் கொஞ்சம் குறைவு. வரி போக மிச்சத்தில் 30 சதவீதம் என்று போட்டால் வருஷத்துக்கு 49,200 ரூபாய் வருகிறது. அதைத் தனிக் கணக்கில் போடுகிறேன். அது வீட்டுடைய பணம்.

மேல் போர்ஷனில் ஒரு லேப் அசிஸ்டெண்டும் மனைவியும் பிள்ளையும். ஐப்பசி மழையில் போய்ப் பார்த்தபோது சுவரில் மூன்று காலண்டர் மாட்டியிருந்தது. ஒரு வீட்டுக்கு மூன்று காலண்டர் எதற்கு? ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் பின்னால் உள்ளங்கை அளவுக்கு ஓதம், பெயிண்ட் உப்பி, தொட்டால் மாவாய் உதிர்ந்தது. அடுத்ததற்குப் பின்னால் இன்னும் பெரிது. முந்தின வீட்டுக்காரரிடம் சொன்னால் வாடகையை ஏற்றிவிடுவாரோ என்று மறைத்துப் பழகியிருக்கிறார்கள். கொத்தனாரோடு மாடி ஏறினேன். தட்டோட்டுக்கு நடுவில் பூச்சு போய், கைப்பிடிச் சுவரோரம் அரச மரக் கன்று ஒன்று வேர் விட்டிருந்தது. அந்த ஓரத்தில் தட்டோட்டைப் பேர்த்து மறுபடி பதிக்க வேண்டியிருந்தது. மூட்டை தூக்கினது சித்தாள்தான், நான் நிழலில் நின்று பார்த்தேன். ஆனாலும் பார்த்தேன். பஞ்சப்பூரில் வாங்கியிருந்தால் அந்தக் காலண்டர்கள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்திருக்கும்.

வீடு என் கைக்கு வந்த புதிதில் மேல் போர்ஷன் பெண், சாமி படம் வைக்க ஒரு ஸ்டாண்ட் அடித்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வீட்டின் பயனுக்குத்தான் வாடகை, உள்ளே அவரவர் என்ன செய்கிறார்கள் என்பது அவரவர் பொறுப்பு என்று சொன்ன இமாம் அபூ ஹனீஃபாவின் வழிக்காரி நான். தாராளமாக அடியுங்கள், ஒயர் போகிற இடத்தில் மட்டும் ஆணி வேண்டாம் என்றேன். கரண்டுக்கு இரண்டு போர்ஷனுக்கும் தனித்தனி இ.பி. மீட்டர். சப் மீட்டர் வைத்து, அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற 100 யூனிட்டுக்கும் குடித்தனக்காரரிடம் காசு வாங்குகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களில் சிலர் வெள்ளிக்கிழமைத் தொழுகையில் முதல் வரிசையில் நிற்பவர்கள்.

கீழ் போர்ஷன் நர்ஸம்மா போன மாதம், வாடகைக்குப் பதிலாக நாலு லட்சம் ஒத்திக்குத் தருகிறேன், மூன்று வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அப்படிச் செய்தால் அவர் எனக்குக் கடன் கொடுத்தவர் ஆகிறார், வாடகையில்லாமல் குடியிருப்பது அந்தக் கடனுக்கு வட்டியாகிறது. புகாராவில் கடன் தொல்லை பெருகினபோது, திருப்பி வாங்கிக்கொள்ளும் நிபந்தனையோடு விற்பது என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள், உலமாக்களும் ஜனங்களின் கஷ்டத்தைப் பார்த்து ஒத்துக்கொண்டார்கள். மஜல்லாவிலும் அது இருக்கிறது. அந்த வழியில் போக எனக்கு மனசில்லை. ஆனால் அவருக்கு மாதாமாதம் 7,500 பாரமாக இருக்கிறது என்பதும் தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு ஏற்ற மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

அண்ணன் பஞ்சப்பூரில் இரண்டு மனை வாங்கிவிட்டார். ஜகாத் கணக்கு வழக்கம்போல நான்தான் போட வேண்டும். பதிவுத்துறை வழிகாட்டி மதிப்புக்குப் போட்டால் போதாதா, எப்போதாவது ஒன்றில் வீடு கட்டினாலும் கட்டுவேனே என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார். மார்க்கெட் விலைக்குத்தான் போட வேண்டும், இரண்டு மனைக்கும், என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.