உண்கலத்தில் எஞ்சும் வினை



மீமிசல் பகுதிப் பள்ளியொன்றில் முன்னர் நாம் ஆசிரியப் பணியாற்றினோம். பாக் நீரிணைக் கரையின் அம்மணற்பாங்கான நிலத்தில் மரம் வளர்வதே அரிது. ஒருநாள் உதிர்ந்த சருகுகளைக் குவிப்பித்து, வளாகம் தூய்மையாயிற்று என மகிழ்ந்து தீயிட்டோம். குவியலின் அடியிலிருந்து எறும்புகள் முட்டைகளைக் கவ்விக்கொண்டு ஓடின. "டீச்சர், இவையும் உயிர்தானே?" என்றாள் மாணவி ஒருத்தி. கொல்லாமையைக் கரும்பலகையில் எழுதிய கையே தீயையும் இட்டது. அன்றைய பிரதிக்கிரமணத்தில் அவ்வினா நம்மைவிட்டு அகலவில்லை.

மனமறிந்து செய்யும் சங்கல்ப இம்சை இல்லறத்தார்க்கு விலக்கு. அடுக்களையில் நேரும் ஆரம்ப இம்சையோ முற்றும் தவிர்க்கவியலாதது. ஆயின், பயனின்றிச் செய்யும் தீங்கு? சமந்தபத்திராசாரியார் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், வீணே நிலத்தையும் நீரையும் தீயையும் காற்றையும் அலைத்தல், செடிகொடிகளைச் சிதைத்தல் ஆகியவற்றை அனர்த்த தண்டத்துள் அடக்கினார். ஒரு பிடி சோற்றுக்காக நிலம் உழப்பட்டது, நீர் பாய்ந்தது, பயிர் அறுபட்டது, அடுப்பு எரிந்தது. அதனை எறிந்தால் அத்தனை இம்சையும் பயனற்றதாகிறது. 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன் என்பது ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்கு.

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் உத்சர்க்க சமிதி, கழிவையும் உயிர்க்கு ஊறின்றி இடுமாறு பணிக்கிறது. அக்கருத்தைப் பள்ளிக்கும் இல்லத்திற்கும் கொண்டால் என்ன? இலைச்சருகும் காய்கறித்தோலும் மக்கினால் உரமாகும். மணல்நிலம் நீரைப் பிடித்து வைக்கும். 1920களில் இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு ஆய்ந்து முறைப்படுத்தியதும் இத்தகைய மக்குரமே.

"மக்கும் குவியலிலும் புழுக்கள் தோன்றுமே?" எனச் சிலர் வினவுவர். நேரிய ஐயம். பெருங்குவியலில் வெப்பம் 60 பாகையையும் எட்டும். ஆங்கு உயிர்கள் மாயும். ஆகவே நிழலில் மெல்லிய அடுக்காக இடுக. ஒவ்வோர் அடுக்கையும் சருகால் மூடுக. ஈரம் மிகாது காக்க. மண்புழு ஈரறிவுயிர், அதனை விலைக்கு வாங்கி அடைக்க வேண்டா. தானே வந்தால், மண்வெட்டியால் கிளறாது விடுக. உப்பும் எண்ணெயும் மிக்க உணவை அதில் சேர்க்கற்க. இவ்வாறு செய்தும் இம்சை அறவே நீங்கியது என்று நாம் கூறோம். குறைந்தது என்றே கூறுவோம்.

எனினும், உரக்குழி இரண்டாவது அறமே. உண்ணுமளவே இட்டுக்கொள்வதும், இட்டதை எச்சமின்றி உண்பதும் முதல் அறம். பிள்ளைகட்கு அதனைச் சொல்லிக் கொடுப்பதினும், நம் இலையில் காட்டுவோம்.

வாழ்க அருகன் அறம்!