மூடிய பானை

பிற நாட்டாரின் பண்பாட்டை அறிவதற்கு உணவு, மொழி, பயணம் என மூன்று வாயில்கள் உண்டு என்பர். வாயில்கள் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் வாயிற்படியில் நின்று எட்டிப் பார்த்தலும், உள்ளே சென்று அமர்ந்து உண்டலும் ஒன்றாகுமா? ருஷ்ய நாட்டை முன்வைத்து இவ்வினாவை எழுப்ப விரும்புகிறோம். நம் தலைமுறைத் தமிழர் பலருக்கு அது காணாமலே பழகிய நாடு அல்லவா?

நாம் பள்ளியில் பயின்ற 1980களின் இறுதியில், நம் வீட்டு மரப்பெட்டி நிறையச் சோவியத் நூல்கள் இருந்தன. கெட்டி அட்டை, விலையோ மிகக் குறைவு. தந்தையார் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தாரின் கண்காட்சிகளில் தேடித் தேடி வாங்கியவை. தொ.மு.சி. ரகுநாதன் தமிழாக்கிய கார்க்கியின் ‘தாய்’, ரா. கிருஷ்ணையா பெயர்த்த டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’, பூ. சோமசுந்தரம் தந்த ‘உண்மை மனிதனின் கதை’ ஆகியவற்றை அந்தப் பெட்டியில்தான் கண்டெடுத்தோம். சமோவாரில் நீர் கொதிக்கும். கறுப்பு ரொட்டியை அரிந்து வைப்பார்கள். முட்டைக்கோசு சூப்பின் ஆவி எழும். நம் தட்டிலோ பழைய சோறும் துவையலும். எனினும் அந்தச் சூப்பை உண்டுவிட்டதாகவே அந்நாளில் நம்பியிருந்தோம்.

மொழியும் அயன்மையாகத் தோன்றவில்லை. நம்மைப் போலவே அவர்களுக்கும் நெருங்கியவருக்கு ஒரு ‘நீ’, மதிப்புக்குரியவருக்கு வேறொரு ‘நீங்கள்’. தேநீரை அவர்கள் ‘சாய்’ என்கிறார்கள். நம் கடைவீதிச் சாயாவுக்கு அது உடன்பிறப்பு. ஒருவரை மரியாதையோடு அழைப்பதென்றால் அவர் பெயரோடு தந்தை பெயரையும் சேர்த்தே அழைக்கிறார்கள். நாம் தலைப்பெழுத்தில் ஒடுக்கிவிட்டதை அவர்கள் வாய்நிறையச் சொல்கிறார்கள். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது; அதனோடு அந்நூல்களின் வரவும் நின்றது. ருஷ்யாவை அறிவோம் என்ற எண்ணம் மட்டும் நம்மிடம் நின்றுவிட்டது.

அவர்களிடையே ஒரு பழமொழி உண்டு. ஒருவனை அறியவேண்டுமாயின் அவனோடு ஒரு ‘பூது’ உப்பைத் தின்று தீர்க்கவேண்டும் என்பது அதன் கருத்து. பூது என்பது பழைய நிறுத்தலளவை; ஏறத்தாழ 16 கிலோ. குமாஸ்தாவின் கைக்குக் கணக்குப் போடாமல் இருக்க இயலாது. நாளொன்றுக்கு ஆளுக்குப் பத்துக் கிராம் என்று வைத்தாலும், இருவர் அந்த உப்பைத் தீர்க்க இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் வழக்கு. நாம் நன்றியைப் பேசினோம். அவர்கள் அறிவைப் பேசினார்கள். இரண்டிற்கும் அளவுகோல் உப்புத்தான்.

இனி, அந்த உப்பை நம் கன்னட மண்ணிலேயே தின்ற ஒரு ருஷ்யரைக் காண்போம். அஃபனாசி நிகிதின் என்பவர் திவேர் நகரத்து வணிகர். வோல்கா வழியே புறப்பட்டவரின் பொருளும் நூல்களும் அஸ்திரகான் அருகே கொள்ளை போயின. பின்னர்ப் பாரசீகம் கடந்து, ஹோர்முசில் கப்பலேறி, விற்பதற்கு ஒரு குதிரையோடு கொங்கணக் கரையில் இறங்கினார். ஜுன்னாரில் ஆட்சி செய்த கான் அந்தக் குதிரையைப் பறித்துக்கொண்டு, சமயம் மாறினால் திருப்பித் தருவதாகச் சொன்னான். வேறொருவர் பரிந்து பேசியதால் குதிரையும் சமயமும் தப்பின. 1470ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் தங்கியிருந்த இடம் பாமினி சுல்தான்களின் தலைநகரான பீதர். இன்றைய கருநாடகத்தின் வடகோடி.

அவர் எழுதிவைத்த குறிப்புகள் ‘மூன்று கடல்களுக்கு அப்பால் சென்ற பயணம்’ எனப் பெயர் பெற்றுள்ளன. அரசனின் யானைகளையும் படைகளையும் அவர் வியந்து எழுதியது இருக்கட்டும். நம் நெஞ்சில் தைப்பது பானையைப் பற்றிய செய்தி. இந்துக்கள் பிறரோடு அமர்ந்து உண்பதில்லை. அயலார் பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டால் அந்த உணவைத் தொடுவதில்லை என்று அவர் குறிக்கிறார். வெறுப்பின்றி, கண்டதைக் கண்டபடி எழுதுகிறார். பின்னர் ஒரு நாள் தாம் முகமதியர் அல்லர், கிறித்தவர் என்று தம் உண்மைநிலையை அவர்களிடம் கூறினார். அன்றுமுதல் உணவிலும் வாணிகத்திலும் வழிபாட்டிலும் அவர்கள் அவரிடம் எதையும் மறைக்கவில்லையாம். அவர்களோடு ஸ்ரீசைலம் என்று அறிஞர் கருதும் மலைத்தலத்துக்கும் போய்வந்தார்.

பானை திறந்த கதை இத்தோடு முடிந்தால் இனிமைதான். ஆனால், ஒரு சமயத்தாருக்கு மூடிய பானையை வேறொரு சமயத்தாருக்குத் திறந்தார்கள் என்பதும் அதே கதையில் இருக்கிறது. நிகிதின் கொடுத்த விலையும் இருக்கிறது. நூல்கள் பறிபோனமையால் ஈஸ்டர் நாள் எது, நோன்பு நாள் எது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறர் நோன்பிருந்தபோது தாமும் நோன்பிருந்தார். ருஷ்ய மொழியில் தொடங்கும் குறிப்பு இடையிடையே துருக்கியும் அரபும் பாரசீகமும் கலந்த மொழியில் இறைவனை அழைக்கிறது. தாம் யார் என்ற கலக்கம் அவரை விடவேயில்லை. ஊர் திரும்பும் வழியில், சுமொலென்சுகு நகரை எட்டுமுன்னரே இறந்தார். பண்பாட்டைச் சுவைத்தல் என்று இன்று நாம் எளிதாகச் சொல்கிறோம். சுவைத்தவர் இழந்ததை எண்ணுகிறோமா?

எதிர்த்திசையில் நடந்தவரும் உண்டு. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்த அலெக்சாண்டர் துபியான்ஸ்கி, நம் அகப்பாடல்களின் வேர்களை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டவர். 2020 நவம்பரில் கொரோனா நோயால் மறைந்தார். அவர் தின்ற நம் உப்பு ஒரு பூதுக்குக் குறையாது. மொழிபெயர்ப்பாளர் தின்று தந்த உப்பை நாம் நக்கிப் பார்த்ததோடு சரி.

இப்படியெல்லாம் எண்ணுவதற்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணம். பொம்மசந்திராவில் நாம் குடியிருக்கும் வீட்டின் மாடி அறையில், தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பீகார் இளைஞர் நால்வர் தங்கியிருந்தனர். தீபாவளிக்குப் பின் ஆறாம் நாள் அவர்களுடைய சட் பூசை. அவர்களுள் இளையவன் ஒரு எவர்சில்வர் தட்டில் ‘தேக்குவா’ கொண்டுவந்தான். கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்துப் பொரித்த பண்டம். “அண்ணா, பிரசாதம்” என்றான், தான் கற்ற அரைத் தமிழில். சிரித்து வாங்கிக்கொண்டோம். உண்ணவில்லை. எந்த அடுப்பு, எந்தக் கை என்ற எண்ணம் குறுக்கே நின்றது. இரவில் குப்பைக்கூடையில் போட்டதும் நாமே. நீராடி, நோன்பிருந்து, நம்மினும் கடுமையான தூய்மையோடு செய்யும் படையல் அது என்பது பின்னரே தெரிந்தது. மாஸ்கோவின் சூப்பை மனத்தால் உண்டவருக்கு மாடியிலிருந்து பன்னிரண்டு படி இறங்கிவந்த பண்டம் தொண்டையில் இறங்கவில்லை!

வெறுந்தட்டைத் திருப்பித் தரலாகாது என்பது நம் வீட்டு வழக்கம். பொங்கலன்று அந்தத் தட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்து மாடிக்குச் சென்றோம். கதவைத் திறந்தவர் புதியவர், ஒடிசாக்காரர். முன்பிருந்தவர்கள் மார்கழியிலேயே வேறு வேலைக்குப் போய்விட்டார்களாம். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. பொங்கலை ஒரு கிண்ணத்தில் மாற்றிக்கொண்டு, அங்கேயே நின்று ஒரு வாய் உண்டார். தட்டைக் கழுவி, இரு கையாலும் நம்மிடமே நீட்டினார். அது இப்போது நம் சமையலறை அலமாரியில், நம் தட்டுகளோடு இருக்கிறது.