திருத்துழாயின் உறவும் ரக்ஷண தர்மமும்

எம்பெருமான் ஸர்வ ரக்ஷகன். சேதனமும் அசேதனமுமான யாவும் அவனுக்குத் திருமேனி என்பது ஆசார்யர்கள் காட்டிய ஸித்தாந்தம். சிறு செடியும் அத்திருமேனியில் அடங்கியதே. ஆகையால் அதைக் காப்பதும் கைங்கர்யமேயாகும். ஆயினும், காக்கும் முறையறிந்தன்றோ காக்க வேண்டும்?

திருத்துழாயைத் தாவர நூலார் புதினாக் குடும்பத்தில் சேர்ப்பர். தும்பையும் கற்பூரவல்லியும் இக்குடும்பத்தனவே. கடல் கடந்த அமெரிக்காவிலும் இக்குடும்பத்திற்கு உறவுண்டு. அங்கே புளோரிடா மாநிலத்தில், லேக் வேல்ஸ் மேடு என்னும் மணற்பாங்கான நிலத்தின் தென்பகுதியில் மட்டுமே வளரும் ஒரு குறுஞ்செடிக்கு டைசெராண்ட்ரா ஃப்ரூடெசென்ஸ் என்று பெயர். முழங்கால் உயரமே வளரும். அதன் வெளிறிய மலர்களில் ஊதாப் புள்ளிகள் விளங்கும். இலையைக் கடித்தால் எழும் மணம் எறும்பு முதலிய பூச்சிகளை விரட்டிவிடும். தாமஸ் ஐஸ்னர் முதலான விஞ்ஞானிகள் 1990-இல் இதனை விளக்கினர்.

பூச்சியை வென்ற அச்செடி மனிதரின் ஆசைக்கு முன் தோற்றது. ஆரஞ்சுத் தோப்புகளும் வீட்டுமனைகளும் அம்மேட்டின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டன. 1985-இல் அமெரிக்க அரசு அதனை அழியும் அபாயத்திலுள்ள இனமாக அறிவித்தது.

வேலியிட்டுக் காத்தால் போதுமோ எனில், போதாது. வெயில் படும் வெறுமணலே அச்செடிக்கு உகந்த இடம். காட்டுத்தீயை அணைத்தே வந்தமையால் புதர் மண்டி, நிழலில் அது நலிந்தது. ஆகவே, காப்போர் தாமே குறித்த இடங்களில் அளவோடு தீயிடுகின்றனர். தீயில் செடி மடிகின்றது; மண்ணில் உறங்கிய விதைகள் பின்னர் முளைக்கின்றன. பிரளயத்தில் ஸூக்ஷ்மமாய் எம்பெருமானிடம் ஒடுங்கிய ஜீவர்கள், ஸ்ருஷ்டி காலத்தில் மீண்டும் வெளிப்படுவதை இது நினைப்பூட்டுகின்றதன்றோ!

கஜேந்திரனுக்காகப் பெரிய திருவடிமேல் விரைந்து எழுந்தருளியவன், திரௌபதிக்கு நேரில் வாராமலே புடவை சுரந்தான். காப்பவன் ஒருவனே, காக்கப்படுபவரின் நிலைக்கேற்ப முறை வேறாயிற்று. தன் விருப்பப்படி காப்பது ரக்ஷணமன்று. காக்கப்படும் பொருளின் இயல்பறிந்து காப்பதே ரக்ஷணம்.

திருத்துழாயைத் துவாதசியிலும் இரவிலும் பறியலாகாது என்று பெரியோர் விதித்ததும் இக்கருத்துப்பற்றியே. எம்பெருமானுக்குச் சாத்துவதற்கே ஆயினும், செடிக்கு ஓய்வளிக்க வேண்டும். உத்ஸவம் ஸேவிக்க வந்த பாகவதர்கள் நந்தவனத்தில் ஒரு கிளையையும் ஒடியாதிருப்பாராக. தத்தம் ஊரில் அருகிவரும் செடி எது, அதற்கு வேண்டுவது நிழலோ வெயிலோ என்று கேட்டறிந்து பேணுவாராக. அந்தக் கைங்கர்யத்தையும் எம்பெருமான் திருவுள்ளம் உகந்து ஏற்றருள்வான்.