நளன் எண்ணிய மரம்: சாலை விபத்தும் ஊழும்

சாலையில் நேரும் சாவு ஊழால் வருவதா, மனிதர் செய்வதால் வருவதா? அறநூல்களின் பழைய கேள்வி ஒன்று இன்று இந்த வடிவில் நிற்கிறது. ‘விபத்து’ என்னும் சொல் வடமொழி வழி வந்தது. கேடு, இடர் என்பது அதன் பொருள். கேடு தானாக வந்து சேரும். செய்தவர் எவரும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. தற்செயலைச் சுட்டும் ‘ஆக்சிடென்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லை இனித் தன் பக்கங்களில் தவிர்ப்பதெனப் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 2001இல் முடிவெடுத்ததும் இதனால்தான். இந்தியச் சாலைகளில் 2022இல் மட்டும் 4,61,312 விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தனர். இத்தனையையும் தற்செயல் என்ற ஒரே சொல்லில் அடக்குவது கடினம்.

ஊழை நம்பும் மரபுகளும் முயற்சியைத் தள்ளிவிடவில்லை. திருக்குறள் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைச் சொல்கிறது. 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையில், தளராத உழைப்புக்கு முன் ஊழும் பின்வாங்கும் என்கிறது. சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பகுக்கிறது. அடிபட்டவரின் துன்பம் அவருடைய பிராரத்தம் என்றே கொண்டாலும், பழுதான வளைவைத் தெரிந்தும் திருத்தாமல் விட்டவருக்கு அது ஆகாமியம், அதாவது இப்போது ஈட்டும் புதுவினை. ஒருவரின் விதி மற்றவரின் கடமையைக் குறைப்பதில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பச் சொல்லும் நபிமொழியின் கருத்தும் இதற்கு நெருக்கமானது.

இந்தக் கேள்வி காரைக்காலுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த இந்தச் சிறு நிலப்பரப்பில் 2011 கணக்கெடுப்பின்படி 2,00,222 பேர் வசித்தனர். ஊரின் மேற்கே சில கிலோமீட்டரில் திருநள்ளாறு. தெற்கே நாகூர் தர்காவும் அதற்கப்பால் வேளாங்கண்ணியும். சனிப்பெயர்ச்சிக்கு வேன்களில் வருவோர், கந்தூரிக்குச் செல்வோர், ஆகஸ்டு இறுதியில் காவி உடுத்திக் கால்நடையாக மாதா கோயிலுக்குப் போவோர் என மூன்று சமயத்தாரும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் இடையே செல்கின்றனர்.

நள மன்னனைப் பிடித்திருந்த சனி விலகிய தலம் திருநள்ளாறு என்பது தலபுராணம். மகாபாரதத்தில் அவனைப் பிடித்தது கலி. அது விலகிய கதை வேறு விதமாக வருகிறது. வாகுகன் என்ற பெயரில் தேரோட்டியாக மறைந்து வாழும் நளனிடம், அரசன் இருதுபன்னன் வழியில் நின்ற தான்றி மரத்தின் இலையும் காயும் இத்தனை என்று சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. அந்தக் கணக்கு வித்தையைக் கற்றதும் கலி அவன் உடலை விட்டு வெளியேறுகிறது. தேரோட்டத்தில் நிகரற்றவனுக்கும் ஓட்டும் திறமை மட்டும் போதவில்லை. எண்ணும் அறிவும் வேண்டியிருந்தது.

ஒரு சாவை மட்டும் பார்த்தால் ஊழ் என்ற விளக்கத்தை மறுக்க முடியாது. பல சாவுகளை இடம், நேரம், வாகனம், காயம் எனப் பிரித்து எண்ணும்போது, ஒரே திருப்பமும் ஒரே இருளும் திரும்பத் திரும்ப வருவது தெரியும். தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்திற்குள் மூன்றாண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள், அல்லது பத்து உயிரிழப்புகள் பதிவானால், அதைக் கரும்புள்ளி எனக் குறிப்பது இந்திய வழக்கம். சென்னை ஐஐடி உருவாக்கி 2021இல் நடைமுறைக்கு வரத் தொடங்கிய ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளத்தில், காவலர் நிகழ்விடத்திலிருந்தே கைப்பேசிச் செயலியில் விவரங்களைப் பதிகிறார்.

சிறிய ஊரில் எண்ணுவதற்குத் தனி இடர்கள் உண்டு. எண்ணிக்கை சிறிதாக இருப்பதால் ஓராண்டு ஏற்றமும் இறக்கமும் வெறும் தற்செயலாக இருக்கலாம். பல ஆண்டுகளைச் சேர்த்து, சாவோடு கொடுங்காயங்களையும் கணக்கில் எடுத்தால்தான் போக்கு தெரியும். அடுத்தது எல்லை. கடற்கரைச் சாலை வடக்கே பூவத்தில் காரைக்காலுக்குள் நுழைந்து தெற்கே வாஞ்சூரில் மீண்டும் தமிழ்நாட்டுக்குள் போகிறது. சாலை ஒன்று, இரு பக்கத்திலும் காவல்துறை வேறு. பலத்த காயம்பட்டவர் புதுச்சேரி ஜிப்மருக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்பப்பட்டு அங்கே இறந்தால், அந்தச் செய்தி விபத்து நடந்த இடத்தின் பதிவேட்டுக்குத் திரும்பி வரவேண்டும். விபத்து நடந்த 30 நாட்களுக்குள் நேரும் சாவு விபத்துச் சாவாகவே எண்ணப்பட வேண்டியது.

எண்ணிய பின் எழும் கேள்வி பொறுப்பு பற்றியது. காரைக்காலுக்கு அடுத்த திருவாரூரின் மனுநீதிச் சோழன் கதை பெரியபுராணத்தில் வருகிறது. அடிப்படையில் அதுவும் ஒரு சாலை விபத்தே. இளவரசனின் தேர்க்காலில் கன்று சிக்கி இறக்கிறது. தாய்ப்பசு நீதி கேட்டு அரண்மனை மணியை அசைக்கிறது. நூல்கள் சொன்ன கழுவாயே போதும் என்கின்றனர் அமைச்சர்கள், அரசன் ஏற்கவில்லை. மகனைத் தேர்க்காலில் இட்ட அவன் தீர்ப்பை இன்றைய நீதி ஏற்காது. ஆயினும் பரிகாரத்தோடு கோப்பை மூட மறுத்த நேர்மை அந்தக் கதையில் எஞ்சுகிறது. அந்த மணிக்கு மக்கள் வைத்த பெயரே ஆராய்ச்சி மணி.

சுவீடன் நாடாளுமன்றம் 1997இல் ஏற்ற சாலைப் பாதுகாப்புக் கொள்கை பழிவாங்கலைத் தாண்டிச் செல்கிறது. மனிதர் தவறு செய்வர். அந்தத் தவறுக்கு விலை உயிராக இருக்கக் கூடாது. எனவே ஓட்டுநரோடு சாலையை வடிவமைப்பவரும் பராமரிப்பவரும் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் சாரம். மக்கள் நடக்கும் இடங்களில் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் நிறுத்துவது இதிலிருந்து பிறந்த நடைமுறை.

ஒரு வளைவில் முதலில் இறந்தவரின் பழவினை என்ன என்பதற்கு எந்தப் பதிவேடும் விடை தராது. அதே வளைவில் அடுத்தவர் இறந்தால், முதல் சாவைப் பதிந்துவிட்டுச் சும்மா இருந்தவர் யார் என்பதைப் பதிவேடு காட்டிவிடும்.