கவலைப்படாதே என்று யார் சொல்லலாம்?

நெய்வேலியில் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களைப் பார்த்து, நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யில் இவர் நிரந்தரத் தொழிலாளி, இவர் ஒப்பந்தத் தொழிலாளி என்று பிரித்துச் சொல்ல முடியாது. இருவரும் தேய்த்த சட்டை போட்டிருப்பார்கள். இருவர் கையிலும் வேதாகமம் இருக்கும். சனிக்கிழமை இரவு ஷிப்டு முடித்து நேரே வந்தவர் யாராக இருந்தாலும் கண் சிவந்துதான் இருக்கும். வித்தியாசம் ஜூன் மாதத்தில் தெரியும். பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒருவர் ஏ.டி.எம். அட்டையை எடுக்கிறார். இன்னொருவர் மனைவியின் தோட்டை எடுத்துக்கொண்டு மந்தாரக்குப்பத்தில் அடகுக்கடைப் படி ஏறுகிறார்.

இந்த இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பிரசங்கத்தைக் கேட்கிறார்கள். மலைப்பிரசங்கத்தில் இயேசு ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் காட்டி, நாளைய சோற்றுக்கும் துணிக்கும் இன்றே தவிக்க வேண்டாம் என்று சொன்ன பகுதி அது. கிறிஸ்தவ வீடுகளில் நாள்காட்டியிலும் சுவரிலும் அதிகம் தொங்குகிற போதனைகளில் ஒன்று. நிரந்தரச் சம்பளக்காரர் அதைக் கேட்டுத் தலையசைக்கிறார். ஒப்பந்தக்காரரும் தலையசைக்கிறார். இரண்டு தலையசைப்பும் ஒன்றா? மாதச் சம்பளம், பி.எஃப்., பணிக்கொடை, டவுன்ஷிப் வீடு, என்.எல்.சி. மருத்துவமனை எல்லாம் உள்ள ஒருவர், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாத ஒருவரிடம் “கவலைப்படாதே, கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்வது ஆறுதலா, கைகழுவலா?

கடவுளின் வார்த்தையைச் சம்பளச் சீட்டைப் பார்த்தா பிரித்துக் கொடுப்பது என்று விசுவாசிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏழையின் வாயை அடைக்கப் பணக்காரன் கண்டுபிடித்த மருந்துதான் இந்தப் போதனை என்று மறுபக்கம் சொல்வார்கள். அது நியாயமான வாதம் இல்லை. இயேசு பேசியது கலிலேயாவின் மீனவர்களிடமும் கூலிக்காரர்களிடமும், வரிக்காரனைக் கண்டால் நடுங்கியவர்களிடமும். அன்றன்றைக்கு வேண்டிய அப்பத்தைக் கேட்கத்தான் அவர் ஜெபம் சொல்லிக் கொடுத்தார். மாதக் கூலி கேட்கச் சொல்லவில்லை, வருடத்துக்கான தானியம் கேட்கவும் சொல்லவில்லை. சொன்னவருக்கும் சொந்த வீடு கிடையாது. நாளை சோறு உண்டா என்று தெரியாத ஒருவர், அதே நிலையில் இருந்தவர்களிடம் சொன்ன சொல் அது. அதனால்தான் அது அவர்களுக்குச் சுடவில்லை. நெய்வேலியிலும் பிற ஊர்களிலும் இன்று அது பெரும்பாலும் மேலிருந்து கீழே வருகிறது.

ஏழையின் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது படித்தவர்களுக்கு ஓர் இரக்கம் வந்துவிடுகிறது. அந்த இரக்கம் தவறானது. கூலி வந்த அன்று மாலை ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் மனைவி பணத்தைப் பிரிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் இது விளங்கும். அரிசிக்கு ஒரு பங்கு, சிலிண்டருக்கு ஒன்று, மகளிர் குழுத் தவணைக்கு ஒன்று, சீட்டுக்கு ஒன்று. இவற்றையெல்லாம் எண்ணி வைப்பதற்கு முன்பே ஒரு நோட்டை நான்காக மடித்து வேதாகமத்தில் சங்கீதப் பக்கங்களுக்கு நடுவே வைத்துவிடுகிறார். தசமபாகம். பத்தில் ஒரு பங்கு வராமல் போகலாம், ஆனால் மடிக்கிற கை முதலில் அதைத்தான் மடிக்கிறது. அந்த மாதம் அவர் கொடுக்கிற மற்ற எல்லாப் பணமும் யாரோ கேட்டு வந்து நிற்பதால் கொடுப்பது. இந்த ஒரு நோட்டை மட்டும் அவரே விரும்பிக் கொடுக்கிறார். வருடம் முழுக்க வாங்குகிற இடத்தில் நிற்பவருக்குக் கொடுக்கிற இடத்தில் நிற்கும் ஒரு நிமிடம் அது. அதைப் பிடுங்குகிற உரிமை எந்தச் சீர்திருத்தக்காரருக்கும் இல்லை.

ஆனால் அந்த நோட்டை வாங்குகிற கைக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. எருசலேம் ஆலயத்தில் ஏழை விதவை இரண்டு காசு போட்டதை இயேசு கவனித்துப் பாராட்டியதாக மாற்கு எழுதுகிறார். காணிக்கை வாரங்களில் தவறாமல் வரும் பகுதி. அதற்கு மேலேயே, நீண்ட ஜெபம் பண்ணிக்கொண்டு விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை இயேசு கண்டித்ததையும் அதே மாற்கு அதே அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால், விதவையின் காசைப் பாராட்டுவதற்கு முன் அவள் கையில் ஏன் இரண்டே காசு மிஞ்சியது என்று கேட்க வேண்டிய கட்டாயம் வருகிறது. சபைகள் பெரும்பாலும் காசுக் கதையை மட்டும் படிக்கின்றன.

கடன் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி என்பது வங்கிக்கு வெளியே சாதாரணமாகக் கேட்கிற கணக்கு. ஐம்பதாயிரம் வாங்கினால் மாதம் 2,500 ரூபாய், வருடத்துக்கு 30,000. முதல் அப்படியே நிற்கும். தண்டல் என்றால் பத்தாயிரம் என்று எழுதி, முன்வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்து, நாளுக்கு நூறாக நூறு நாள் வசூலிப்பார்கள். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. வாசலில் வந்து கத்துகிறவனிடம் அதைக் காட்ட எந்தக் குடும்பத்துக்குத் தைரியம் வரும்? இப்படிப்பட்ட வீட்டில் போய், விசுவாச விதை விதையுங்கள், கடன் வாங்கியாவது காணிக்கை கொடுங்கள், நூறு மடங்காகத் திரும்ப வரும் என்று பேசுகிற பிரசங்கிகள் இருக்கிறார்கள். தொலைக்காட்சியில் இருக்கிறார்கள், யூடியூபில் இருக்கிறார்கள், சில சமயம் பக்கத்துத் தெருவிலேயே கொட்டகை போட்டிருக்கிறார்கள். கடன் வாங்கிக் கொடுக்கிற காணிக்கை உண்மையில் வட்டிக்காரனின் பணம். அதற்கான வட்டியைப் பிள்ளைகளின் சாப்பாட்டிலிருந்து கட்ட வேண்டும். இதைக் கேட்டு வாங்குவது பாவம். இதில் மென்று விழுங்க எதுவும் இல்லை.

வேதாகமம் கடன்பட்ட குடும்பத்தை எப்படி நடத்துகிறது என்பதற்கு இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் நாலாம் அதிகாரம் போதும். தீர்க்கதரிசிகள் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் கடனோடு இறந்துபோகிறார். கடன் கொடுத்தவன் இரண்டு மகன்களையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். விதவை எலிசாவிடம் ஓடுகிறாள். எலிசா முதலில் கேட்பது வீட்டில் என்ன இருக்கிறது என்றுதான். கொஞ்சம் எண்ணெய் இருக்கிறது. அண்டை அயலாரிடம் காலிப் பாத்திரங்களை இரவல் வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஊற்றச் சொல்கிறார். பாத்திரங்கள் தீரும்வரை எண்ணெய் வருகிறது. அற்புதம் அத்தோடு முடியவில்லை. எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்த்து, மிச்சத்தில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்கிறார். கடன் கட்டுவது முதலில், குடும்பம் பிழைப்பது அடுத்தது. எலிசா தனக்கென்று ஒரு பாத்திரம்கூடக் கேட்கவில்லை. அண்டை வீட்டார் பாத்திரம் கொடுக்காமல் இருந்திருந்தால் எண்ணெய் எதில் நிறைந்திருக்கும் என்பதும் யோசிக்க வேண்டியது.

நம்பிக்கையும் கணக்கும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற எண்ணம் நெய்வேலியில் எடுபடக் கூடாது. இந்த ஊர் பிறந்ததே அப்படி இல்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வந்தது. அதிலிருந்து நிறுவனம் உருவாக 1956 ஆனது, பழுப்பு நிலக்கரி கண்ணில் பட 1961 ஆனது. இடையில் இருந்தது பெரும்பாலும் தண்ணீரோடு நடந்த போராட்டம். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கிற ஊற்றுநீரை இராப்பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பொத்துக்கொள்ளாமல் இருக்கும். இன்றும் அந்தப் பம்புகள் ஓடுகின்றன. பம்பு ஷிப்டில் இருக்கிற கிறிஸ்தவர் மோட்டாரை நிறுத்திவிட்டு, தண்ணீரைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று ஜெபிப்பதில்லை. ஜெபித்துக்கொண்டே மோட்டாரைக் கவனிக்கிறார். அவருடைய விசுவாசத்தை யாரும் குறை சொல்வதில்லை. ஆலயத்து உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சோதனைக்காரன் சொன்னபோது இயேசு மறுத்தார். அது தேவனை நம்புவது அல்ல, பரீட்சை பார்ப்பது. வீட்டுக் கணக்கிலும் இந்தக் கோடு இதே இடத்தில்தான் ஓடுகிறது.

இந்தக் கோட்டைச் சரியாகக் கண்டவர்கள் நம் பக்கத்திலேயே வாழ்ந்திருக்கிறார்கள். மிஷனரியான ஏமி கார்மைக்கேல் 1901 முதல் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்தார். யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடனும் வாங்குவதில்லை என்பது அங்கே விதி. அவருக்கு முன்பு இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லரும் அப்படியே. ஜெபத்தால் நடத்தினேன் என்று சொன்ன முல்லர் வந்ததையும் செலவானதையும் ஆண்டுதோறும் அச்சிட்டு ஊருக்குக் காட்டினார். ஜெபத்தைப் பற்றிப் பேசி, கணக்கைக் காட்ட மறுக்கிற ஊழியங்கள் முல்லர் பெயரை எடுக்கத் தகுதியற்றவை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே திருநெல்வேலித் திருச்சபை விதவைகளுக்கென்று ஒரு நிதி ஏற்படுத்தியிருந்தது. மாதந்தோறும் ஒதுக்கினால், நாளை இல்லாமல் போகிறவரின் குடும்பம் தெருவுக்கு வராது. அந்த நிதியை ஏற்படுத்தியவர்களும் மலைப்பிரசங்கத்தை நம்பியவர்கள்தான். பறவைகளை ஊட்டுகிறவர் தங்கள் கை வழியாகவும் ஊட்டுவார் என்று நம்பினார்கள்.

நிரந்தரச் சம்பளக்காரருக்கும் இதே விஷயத்தில் ஒரு பிரசங்கம் தேவை. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டுவேன், இனி நிம்மதி என்று திட்டமிட்ட பணக்காரனின் உயிர் அன்று இரவே கேட்கப்பட்டதை லூக்கா எழுதுகிறார். ஓய்வுபெறும் நாளில் பி.எஃப்., பணிக்கொடை எல்லாம் ஒன்றாக வரும். வாழ்க்கையில் அத்தனை பெரிய தொகையை ஒருமுறைதான் பார்ப்பார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்திரா நகரிலோ வடக்குத்திலோ வீடு கட்டி மிஞ்சியதைத் தேடி, அதிக வட்டி தருகிறோம் என்று ஆட்கள் வருவார்கள். 2022இல் வெளிவந்த ஆருத்ரா நிதி நிறுவன மோசடியில் மாதத்துக்கு 25, 30 சதவீதம் என்றதை நம்பி சுமார் ஒரு லட்சம் பேர் 2,400 கோடிக்கு மேல் இழந்தார்கள். அந்த வட்டியை ஆசீர்வாதம் என்று அழைத்தால் நூற்றுக்கு ஐந்து வாங்குகிறவனைத் திட்டும் வாய் நமக்கு இருக்கக் கூடாது.

இப்போது முதல் கேள்வி. “கவலைப்படாதே” என்று யார் சொல்லலாம்? கேட்பவரின் கவலையில் ஒரு பங்கைத் தன் தோளில் எடுத்துக்கொள்ளத் தயாராக இருப்பவர் சொல்லலாம். மற்றவர் சொல்லக் கூடாது. உடுக்கத் துணியும் உண்ணச் சோறும் இல்லாதவனிடம் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டு ஒன்றும் கொடுக்காதவனின் விசுவாசத்தை யாக்கோபு செத்த விசுவாசம் என்கிறார். நெய்வேலியில் இது வெறும் தர்மத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. 2010இலும் 2012இலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரமும் கூலியும் கேட்டு வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2020 மே, ஜூலை மாதங்களில் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது உயிரிழந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் என்.எல்.சி.யின் இயந்திரம் இறங்கியது. அந்த நாள்களில் அந்தக் குடும்பங்களுக்காகச் சபைகள் ஜெபித்திருக்கும். ஜெபிப்பது சரி. ஆனால் நெகேமியா புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், நிலத்தை அடகு வைத்து வரி கட்டினோம், பிள்ளைகளை அடிமைகளாக்கினோம் என்று ஜனங்கள் கதறும்போது நெகேமியா தலைவர்களைக் கூட்டி, நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள், வட்டியை விடுங்கள் என்று சொல்லி வாங்கிக்கொடுக்கிறார். ஜனங்களை நம்பிக்கையோடு காத்திருக்கச் சொல்லவில்லை. அதிபதியாக இருந்த தானும் தனக்குரிய படியை வாங்காமல் விட்டார்.

கடன்பட்ட குடும்பங்களுக்குச் சபையே கைகொடுக்க வேண்டும் என்றால், எதிர்த்து ஒன்று சொல்வார்கள்: சபை வங்கி அல்ல, கடன் கொடுத்துத் திரும்ப வாங்கப் போனால் உறவு கெடும், வாங்கியவர் ஆராதனைக்கே வர மாட்டார். அனுபவத்தில் இருந்து வரும் பயம் அது. அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்தப் பயம் காட்டுவது, கொடுக்கிற முறை சரியாக இருக்க வேண்டும் என்பதை. கொடுக்கவே வேண்டாம் என்பதை அது காட்டவில்லை. யார் வாங்கினார் என்று பெயர் வாசிக்காமல், வட்டி இல்லாமல், திருப்பித் தர முடியாதபோது மன்னிக்கவும் மனம் இருந்தால் இது நடக்கும்.

அறுப்பின் பண்டிகை வரும். பண்ருட்டிப் பலாவும் வாழைத்தாரும் ஏலத்தில் போகும், இரண்டு மடங்கு மூன்று மடங்கு விலை ஏறும், நிரந்தரச் சம்பளக்காரர்கள் சந்தோஷமாக ஏற்றுவார்கள். நெய்வேலிச் சபைகளின் கமிட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கட்டட நிதிக்குப் போகவிடாமல், வட்டிக்காரனிடம் சிக்கிய குடும்பங்களை மீட்கத் தனிக் கணக்காக வையுங்கள். அதன் வரவு செலவை வருடாந்தரக் கூட்டத்தில் வாசியுங்கள். அதை நடத்துகிறவர்களில் பாதிப் பேராவது ஒப்பந்தக் கூலியில் வாழ்கிறவர்களாக இருக்கட்டும்.